நான் வெட்டாத இருபது முழம்

அந்த வாய்க்காலை அடைத்தவன் நான்தான். நீங்கள் வேறு யாரையும் தேட வேண்டாம்.

எங்கள் சம்மாந்துறை வயல்களில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விதைப்புக்கு முன் விவசாயிகள் கூடுவோம். அவரவர் வயலுக்கு முன்னாலுள்ள வாய்க்காலை அவரவரே வெட்டித் துப்பரவாக்க வேண்டும். எல்லோரும் முடித்த பிறகே தண்ணீர் திறப்பார்கள். யாரும் இறங்கிச் சோதிப்பதில்லை. சொன்ன சொல் போதும். அந்தச் சொல்லை நம்பித்தான் கடைசி வயல்வரை பயிர் விளைந்தது. ஊர் என்று நாம் சொல்வது அதைத்தானே?

அந்தப் போகம் நான் கரைப்புல்லை மட்டும் வெட்டினேன். அடியில் இறுகிக் கிடந்த சேற்றைத் தொடவில்லை. இருபது முழம்... அவ்வளவுதான்! கல்முனையில் அவசர வேலை என்று சாக்குச் சொல்லலாம். பொய்! வெறும் சோம்பல். நான் ஒருவன் விட்டால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தேன். கூட்டத்தில் கேட்டபோது, “ஓம், வெட்டிட்டன்” என்றேன்.

என் வயலில் தண்ணீர் தாராளமாய் ஏறியது. வாய்க்காலின் கடைசியில் இருந்தது இத்ரீஸ் காக்காவின் வயல்; மூத்தவர், எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். அங்கே தண்ணீர் போய்ச் சேரவில்லை. கதிர் தள்ளும் நேரத்தில் அவருடைய பயிர் கருகியது. காலமெல்லாம் நெல் விளைவித்த மனிதர், அந்த வருடம் கடையில் அரிசி வாங்கினார்.

அவர் யாரையும் சந்தேகிக்கவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது! ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வரும் வழியில் என்னை நிறுத்தினார்.

“எல்லாரும் வெட்டிட்டம் எண்டுதானே சொன்னீங்க, தம்பி. அப்ப நான் வெட்டின இடத்திலதான் ஏதும் பிழையோ?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது.

“இருக்கும் காக்கா” என்றேன்.

அடுத்த போகம் என் பங்கை அடிவரை வெட்டினேன். காக்கா தன் பங்கை இரண்டு முறை வெட்டினார். தண்ணீர் கடைசிவரை ஓடியது.

“பாத்தீங்களா தம்பி, பிழை எங்கிட்டத்தான் இருந்திருக்கு!” என்று சிரித்தார். யா அல்லாஹ்... அந்தச் சிரிப்பு! அப்போதாவது சொல்லியிருக்கலாம். சபையில் என் மரியாதை போய்விடுமே என்று பயந்தேன். ஒருவருடைய சொல்லை மற்றவர் நம்பி நடக்கிற இடத்தில், நான் என் மரியாதையை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன்.

வருடங்கள் போய்விட்டன. காக்காவுக்கு இப்போது முழங்கால் வலி. ஆனாலும் ஒவ்வொரு போகமும் இறங்கித் தன் பங்கை வெட்டுகிறார். கரையேறி மூச்சு வாங்கிவிட்டு, மறுபடியும் இறங்கி வெட்டுகிறார்.

நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.