பொம்மைப் படத்து மழை

திருச்சுழி பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். ஒடிசலான உடம்பு, அடுத்தவர் செல்போனைக் கூச்சமில்லாமல் எட்டிப் பார்க்கும் பழக்கம். எனக்கும் அது உண்டு, விடுங்கள். என் பேத்தியின் போனில் ஒரு கேலிப் பொம்மைத் தொடர் ஓடியது. உலகம் அழியப்போகிறதென்று ஒரு பொம்மைக் குடும்பம் அலறிக்கொண்டு கட்டிலுக்கடியில் பதுங்கியது. படத்தில் வானம் கறுத்து மழை கொட்டியதும் அந்தப் பெண் கம்பியைப் பிடித்தாள்.

“ஆத்தே, களத்துல மிளகா வத்தல் காயுதே! வருசப் பாடெல்லாம் போச்சே!”

“ஏத்தா, அது சிரிக்கிறதுக்கு வரைஞ்ச படம்” என்றேன்.

“எங்கயாச்சும் மேகத்தப் பாத்துத்தான அப்பத்தா வரைஞ்சிருப்பாக?”

கண்டக்டர் திட்டத் திட்ட அடுத்த விலக்கில் இறங்கி, கொளுத்தும் வெயிலில் வந்த வழியே ஓடினாள். பஸ்ஸே சிரித்தது, நானுந்தான். சிரித்து முடித்ததும் பேத்தியிடம் மெதுவாகச் சொன்னேன்: “வீட்டுக்குப் போனப் போடுத்தா, மாடியில நம்ம வத்தலும் கெடக்கு.”