கடைசிப் பக்கத்துல பென்சில் எழுத்து

பேயி, ஆவி, செய்வினைன்னு யாராவது ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிடுற ஆளாக்கும் நான். கொட்டாரத்துல ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல பதினேழு வருசமா வேலை. மெஷின் காட்டுறதை எழுதுவேன், காட்டாததை எழுத மாட்டேன். அதனால நான் சொல்லுகத நீங்க நம்பணும்னு கட்டாயமில்ல, ஆனா இடையில சிரிக்கப்பிடாது. ஏற்கெனவே ஒரு ஆளு சிரிச்சாச்சு.

எனக்கு வாசிக்கப் பிடிக்கும். பிரச்சினை என்னன்னா, எனக்குப் பிடிச்ச மாதிரி புஸ்தகம் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காங்க. பெருசா ஒண்ணும் கேக்கல. சாதாரண ஆளுக, வேலைக்குப் போவாங்க, வீட்டுக்கு வருவாங்க, மனசுக்குள்ள என்னமோ ஓடிட்டே இருக்கும், கடைசியில யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. அவ்வளவுதான். கொழுந்தன் பிள்ளைக்கு ஒரு தடவை போன்ல படம் வரையுற புஸ்தகம் வாங்கினேன், அன்னையிலேருந்து ‘உங்களுக்காக’ன்னு டைனோசரா காட்டுது. சர்ச்சுல ஒரு அக்கா தந்தது வாழ்க்கையில ஜெயிக்கது எப்பிடின்னு ஒண்ணு. எங்க ஊர் நூலகத்துல செல்லப்பன் சார்ட்ட கேட்டா, “லேடீஸுக்கு அந்தா அந்த ரேக்கு”ன்னு கையைக் காட்டுவாரு. போய்ப் பார்த்தா வத்தக்குழம்பு, கோலம், தொப்பை குறைக்க வழி. நாப்பத்தாறு வயசாச்சு, நான் என்ன வாசிக்கணும்னு ஒரு ரேக்கு முடிவு பண்ணுமா?

அந்தக் கோவத்துல ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆம்பிளைங்க பேப்பர் வாசிக்க இடத்துக்குப் பின்னால இருந்த அலமாரில வேணும்னே கைக்கு வந்ததை எடுத்தேன். தண்ணி லாரி ஓட்டுற ஒருத்தரோட கதை. நம்புனா நம்புங்க, எனக்காகவே எழுதின மாதிரி இருந்தது. கடைசிப் பக்கத்துல பென்சில்ல ஒரு வரி: “இது பிடிச்சுதுன்னா, மூணாவது அலமாரி, கீழ்த்தட்டு, பச்சை அட்டை.” போய் எடுத்தேன். அது இன்னும் நல்லா இருந்தது. அதுலயும் கடைசியில அடுத்ததுக்கு வழி. இப்பிடியே ஆறேழு புஸ்தகம், ஒண்ணு கூட ஏமாத்தல. எனக்க ரசனை உள்ள ஒரு ஆளு நம்ம ஊர்லயே இருக்குன்னு எனக்கு ஒரே சந்தோசம். மஸ்கட்ல இருக்க வீட்டுக்காரர்ட்ட போன்ல சொன்னா, “ஆம்பிளையா பொம்பிளையா?”ன்னு கேட்டாரு. அதுதான் அவருக்கு முக்கியம்.

ஒரு நாள் புஸ்தகத்தைத் திருப்பிக் குடுக்கும்போது செல்லப்பன் சார் கடைசிப் பக்கத்தைப் பார்த்துட்டாரு.

“என்ன ஜெசி, படிச்ச பொம்பிளை, பொதுப் புஸ்தகத்துல கிறுக்குவியளா?”

“நானா? நான் எழுதல சார்.”

அவரு பதிவேட்டைத் தூக்கி, நான் பேரும் விலாசமும் எழுதின பக்கத்தை அதுக்குப் பக்கத்துல வச்சாரு. அதே எழுத்து. எனக்க ‘ழ’ வால் நீண்டு அடுத்த எழுத்துல போய் முட்டும், இதும் அப்பிடியே முட்டுது. இத்தனை நாளும் எனக்கே இது கண்ணுல படல. ஆனா அப்போ வந்தது கோவம்தான், பேப்பர் வாசிச்சிட்டு இருந்த நாலு பேரும் என்னையே பாக்காங்க. “எனக்கு முன்னால இதையெல்லாம் யாரு எடுத்திருக்கான்னு பாருங்க”ன்னேன். பார்த்தாரு. பாதிக்கு மேல யாருமே எடுத்ததில்ல. “அப்போ நீங்கதானே எழுதியிருக்கணும்”ங்காரு! எனக்க கார்டைப் பிடுங்கி டிராயர்ல போட்டுட்டாரு. இனி புஸ்தகம் கிடையாதாம்.

நான் விடுவேனா. மேசைக்கடியில புதுசா வந்த கட்டு ஒண்ணு கிடந்தது, சணல் கூட அவுக்கல. “அதைப் பிரிங்க, எனக்க முன்னாலயே பிரிங்க, நான் தொடல்ல பாத்துக்கிடுங்க”ன்னு கையைக் கட்டிட்டு நின்னேன். வீம்புக்குச் சொன்னதுதான், உள்ள எதுவும் இருக்கும்னு நானே நினைக்கல. மேல இருந்த புஸ்தகத்தோட பிளாஸ்டிக் உறையை அவரே கிழிச்சாரு, அவரே கடைசிப் பக்கத்தைத் திருப்பினாரு.

பென்சில். “நான் இவ்வளவு சொன்னேன். இனி நீ ஒண்ணு சொல்லு.”

சாருக்கு முகம் வெளிறிப் போச்சு. மன்னிப்பு கேட்டாரா? இல்ல. “அச்சடிக்க இடத்துல எவனாவது கிறுக்கியிருப்பான்”ன்னு ஒரு சிரிப்பு. கார்டைத் தந்தாரு, அந்தப் புஸ்தகத்தையும் சூடு பாத்திரத்தைத் தள்ளுற மாதிரி எனக்க பக்கம் தள்ளிவிட்டாரு. நாலு பேரு முன்னால கள்ளி மாதிரி நிறுத்தினதுக்கு இன்னைக்கு வரை ஒரு வார்த்தை கிடையாது.

அதுக்குப் பெறவு நான் செஞ்சதுதான் புத்திகெட்ட வேலை. ஜென்மத்துல முதல் தடவையா, அந்தப் புதுப் புஸ்தகத்துல அந்த வரிக்குக் கீழ பென்சில் வச்சேன். காலேஜ் படிக்கும்போதே வாங்கின நாவல் ஒண்ணு எனக்கு உயிரு, அதை எத்தனை தடவை வாசிச்சிருப்பேன்னு கணக்கே இல்ல. பேரை எழுதாம, அது எழுதின மாதிரியே இடத்தை எழுதினேன். “எங்க வீட்டு ஹால், கண்ணாடி அலமாரி, மேல்தட்டு, இடது ஓரம்.” எழுதி நூலகத்துல குடுத்துட்டும் வந்துட்டேன். வீட்டுக்கு வழி காட்டுதோம்னு அப்போ தோணவே இல்ல.

அடுத்த வாரம் தூசி தட்ட அந்த நாவலை எடுத்தேன். அலமாரிக்கு ஒரே சாவி, அது எனக்க பர்ஸ்ல. வீட்டுல நான் மட்டும்தான். கடைசிப் பக்கத்துல, எனக்க எழுத்துல, ஒரே ஒரு வார்த்தை.

“சுமார்.”

சுமாராம்! சத்தியமாச் சொல்லுதேன், முதல்ல பயம் வரல, கோவம்தான். “எது சுமார்? முழுசா வாசிச்சியா, பாதியில வச்சியா?”ன்னு ஆளில்லாத ஹாலைப் பார்த்து நின்ன இடத்துலயே கத்தினேன். கத்தி முடிச்ச பெறவுதான், யாராவது பதில் சொல்லிட்டா என்ன செய்யன்னு தோணி, புஸ்தகத்தை அங்கயே வச்சிட்டு வாசலுக்கு ஓடினேன்.

இப்போ அலமாரியைப் பூட்டுகதில்ல, பூட்டி என்ன. காலையில ஹாலுக்கு வந்தா ஒரே ஒரு புஸ்தகம் விரல் அளவு வெளிய நீட்டிட்டு இருக்கும். உள்ள தள்ளிட்டு வேலைக்குப் போவேன். நாலஞ்சு நாள் கழிச்சு அதுக்கு அடுத்தது நீட்டிட்டு இருக்கும். இடது ஓரத்துலேருந்து வரிசையா, ஒண்ணையும் விடாம. கடைசிப் பக்கத்தைத் திறந்து பாக்க எனக்குத் தைரியம் இல்ல. இப்போ ரெண்டாவது தட்டுக்கு வந்தாச்சு.