விண்ணப்பத்தில் ஒட்டிய சிவப்பு அம்பு

பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாடு என் வேலை. பெட்டியில் போவதற்கு முன் சட்டையில் எங்கே குறை தெரிந்தாலும் பக்கத்தில் ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். பிறகு குறைகளை மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும்: சின்னது, பெரியது, சரக்கையே நிறுத்துவது. இந்தப் பழக்கம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையோ கோயில் நோட்டீஸோ, தெரிந்தவர்கள் அச்சுக்குக் கொடுக்கும் முன் என்னிடம் காட்டுவார்கள்.

என் தோழி ஒருத்தியும் அப்படித்தான் தன் நிதி விண்ணப்பத்தைத் தந்தாள். அதே நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். ஆறு வருடமாக மதியச் சாப்பாடு என்னோடுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அவிநாசியில் ஒரு சிறிய அறக்கட்டளைக்கு உழைப்பாள், நான் எங்கள் ஊர் ராயபுரத்தில் வேறொன்றுக்கு. வரலாறு, மொழி, கலை ஆகியவற்றைப் பொதுமக்களிடம் கொண்டுபோகும் அமைப்புகளுக்கு நிதி தருவதாக பெங்களூரு நிறுவனம் ஒன்று அறிவித்திருந்தது. எங்கள் வட்டாரத்துக்கு ஒரே ஒரு திட்டம்.

“ஏட்டி, உங்காளுகளும் அப்ளிகேசன் போடுதாவளாமே?” என்றாள் கேன்டீனில்.

“போடறோம் புள்ள. தெரிஞ்சும் எதுக்கு உன்னுதக் கொண்டாந்து எங்கிட்டக் குடுக்கற?”

“உன்னய விட்டா யாரு இவ்வளவு குத்தம் கண்டுபிடிப்பா?”

பக்கத்து மேசையில் கட்டிங் மாஸ்டர் சிரித்தார். “குடுங்க, குடுங்க. அந்தப் புள்ள சாம்பார்லயே ஸ்டிக்கர் ஒட்டிப்போடுமுங்க.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து படித்தேன். எங்கள் திட்டம் ராயபுரத்துப் பழைய வியாபாரத் தெருக்களில் பதினான்கு இடங்களில் வரலாற்றுப் பலகை வைப்பது. வரைபடம், கால அட்டவணை, பலகையின் நீள அகலம், எழுத்தின் அளவு, மழைக்குத் தாங்கும் பூச்சு என்று எதையும் நான் விடவில்லை. அவளுடைய திட்டம் வேறு மாதிரி. பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்தவர்கள் ஊருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்திகளை, அவர்கள் சம்மதத்தோடு சேர்த்து, நூலகத்தில் ஓர் அறையில் வைப்பது. யாரும் வந்து உட்கார்ந்து கேட்கலாம். இரண்டாம் பக்கத்தில் மாதிரிக்கு ஒரு செய்தி எழுதப்பட்டிருந்தது. ஓவர்லாக் மெஷினில் தைக்கும் தென்காசிப் பெண் தன் அம்மாவுக்கு அனுப்பியது. “சாப்பிட்டேம்மா” என்று தொடங்கி, நாற்பது வினாடி வெறும் மெஷின் சத்தம், கடைசியில் “சரி, வைக்கேன்.”

அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். எட்டு வருடமாக அந்த மெஷின் சத்தத்துக்குள்தான் நானும் நிற்கிறேன். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? என் பதினான்கு பலகைகளில் ஒன்றில்கூட ஒரு ஆள் வாய் திறக்கவில்லை. நிதி அவளுக்குத்தான் போகும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. திரும்பி வந்து வேகமாக ஸ்டிக்கர் ஒட்டினேன். பக்க எண் இல்லை, ஒரு அட்டவணைக்குத் தலைப்பு இல்லை, ஒரே வாக்கியம் இரண்டு முறை. எதைக் கண்டாலும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

கடைசி இணைப்பு அறக்கட்டளையின் வரிப் பதிவுச் சான்று. அது மார்ச் மாதத்தோடு காலாவதியாகியிருந்தது. நடப்புச் சான்று இல்லாத விண்ணப்பம் படிக்கப்படாது என்று விதிமுறையில் தெளிவாகவே இருந்தது. சரக்கையே நிறுத்தும் குறை. பழக்கத்தில் கை தானாகத் தேதிக்குப் பக்கத்தில் அம்பை ஒட்டியது. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உரித்து எடுத்தேன்.

திங்கட்கிழமை அவள் ஸ்டிக்கர்களைக் கேன்டீனிலேயே எண்ணினாள். “இருவத்தொண்ணுதானா? நான் அம்பதுன்னுல்லா நெனச்சேன்.”

“எல்லாம் சின்னதுதான்” என்றேன். ஒட்டியிருந்தவரைக்கும் அது உண்மை.

கடைசித் தேதிக்கு நான்கு நாட்கள் இருந்தன. நான்கு நாளும் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். சான்றைப் பார்ப்பது அவர்கள் ஆடிட்டர் வேலை என்று சொல்லிக்கொண்டேன். அவள் தன் தட்டிலிருந்து எனக்கு மீன் வறுவல் வைத்தாள். அதையும் சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து எங்களுக்கு மரியாதையான ஒரு மறுப்புக் கடிதம் வந்தது. நிதி அவளுக்கு. காலாவதியான சான்றோடு எப்படிப் படித்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஆறுதல் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

நூலகத்தில் அறை திறந்த அன்று போனேன். மூன்று நாற்காலி, மூன்று ஹெட்போன், சுவரில் நன்றிப் பலகை. அதில் முதல் பெயர் என்னுடையது: விண்ணப்பத்தைச் சரிபார்த்தவர். அவளை ஜன்னல் பக்கம் கூப்பிட்டேன்.

“அந்தச் சர்டிபிகேட்டு தேதி... நான் பாத்தேன் புள்ள. உங்கிட்டச் சொல்லல.”

“தெரியுமே. அந்த எடத்துல பேப்பர் தோலு உரிஞ்சு கெடந்துச்சு. நீ ஒட்டிட்டு எடுத்திருக்கேன்னா அங்கன என்னமோ இருக்குன்னு பாத்தேன். புது சர்டிபிகேட்டு ஆடிட்டர்ட்டயேதான் கெடந்துச்சு, வாங்கி மாத்தி வச்சேன்.” சிரித்தாள். “பசைத் தடம் தெரியாம எடுக்கணும்னா சூடு காட்டில்லா எடுக்கணும். உனக்கு நான் சொல்லணுமா?”

“அப்புறம் எதுக்கு எம்பேரப் போட்ட?”

“எடம் காட்டுனது நீதான?” யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். போகும்போது, “அடுத்த வருசம் உன்னுத எங்கிட்டக் கொண்டா. நான் பாத்துத் தாரேன்” என்றாள்.

சரி என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து அந்த நாற்பது வினாடியைக் கேட்டேன். மெஷின் சத்தம் நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை. எல்லாம் தெரிந்தும் என் பெயரை முதலில் எழுத அவளால் முடிந்ததே, கிடைத்த நிதியைவிட அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

இந்த வருடத்துக்கான எங்கள் விண்ணப்பம் தயார். பலகைகள் ஒன்பதாகக் குறைந்திருக்கின்றன. மீதி ஐந்து இடங்களில் பலகைக்குப் பதிலாக அந்தத் தெருக்காரர்களே பேசுகிறார்கள். சான்றின் தேதியை மூன்று முறை பார்த்துவிட்டேன். ஒரு பிரதி அச்சிட்டு, மேலே ஒரு சுருள் ஸ்டிக்கரும் வைத்துக் கைப்பையில் போட்டிருக்கிறேன். தினமும் கேன்டீனுக்குக் கொண்டுபோகிறேன். இன்னும் அவளிடம் கொடுக்கவில்லை.