பீரோவில் இருந்த வழக்குக் கட்டு

நான் எழுதியவற்றில் ஒரே ஒரு புத்தகம்தான் பத்துப் பேருக்குத் தெரியும். வெள்ளைக்காரர் காலத்தில் மதுரையில் வக்கீலாக இருந்துகொண்டே ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு அது. அதன் ஆறாம் அத்தியாயத்தில் ஒரு வழக்கு வருகிறது. வாடிப்பட்டிப் பக்கத்தைச் சேர்ந்த கூலிக்காரர் மூவருக்காக அவர் காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை வாதாடினார், தோற்றார், கலங்கிய கண்களோடு கோர்ட்டுப் படியிறங்கினார் என்று எழுதியிருக்கிறேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்று தெரிந்தேதான் எழுதினேன்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. கல்லூரியில் தமிழ் ஆசிரியர். பெரியவரின் பேரன் மேல மாசி வீதியிலிருந்த பூர்வீக வீட்டை விற்பதற்கு முன்பு இரண்டு டிரங்குப் பெட்டிகளை என்னிடம் கொடுத்தார். "எடைக்குப் போடலாம்னு இருந்தேன் சார். ஒங்களுக்கு ஆகும்னா எடுத்துக்கங்க" என்றார். அந்தக் கோடை விடுமுறை முழுவதும் நான் அந்தப் பெட்டிகளுக்குள்தான் இருந்தேன்.

பெரியவர் நாட்குறிப்பு எழுதுகிறவர். விடியலில் எழுந்து ஏடு பார்ப்பார். பத்து மணிக்குத் தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாக ஜட்காவில் கோர்ட்டுக்குப் போவார். தன் மகன் வயதுள்ள வெள்ளைக்கார ஜட்ஜ் முன்னால் கைகட்டி நின்று, தன் ஆங்கில உச்சரிப்பை அவன் திருத்துவதைக் கேட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிப்பார். அதற்குப் பிறகுதான் தான் மனிதன் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்துவிட்டு நான் அவரை நேசிக்கத் தொடங்கினேன். என் டாக்டர் பட்டம் அவருடைய பதிப்பை வைத்து வாங்கியதுதான்.

இரண்டாவது பெட்டியின் அடியில் சணல் கயிற்றால் கட்டிய ஒரு வழக்குக் கட்டு கிடந்தது. அதில் மூன்று பேர் கைநாட்டு வைத்த வக்காலத்து இருந்தது. ஒரு தர்க்காஸ்து உத்தரவு இருந்தது. நிலமில்லாதவர்கள் மனுப் போட்டால் சர்க்கார் தன் தரிசு நிலத்தைக் கொடுக்கும் உத்தரவு அது. கண்மாய்க் கரையோரம் எட்டு ஏக்கர் அந்த மூவருக்கும் கிடைத்திருந்தது. அது தன் நிலம் என்று ஊர்ப் பண்ணையார் வழக்குப் போட்டிருக்கிறார். அவர்கள் பெரியவரிடம் வந்து, கையிலிருந்த ஒரே காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கட்டின் கடைசியில் பண்ணையாரின் கடிதம் இருந்தது. அவர் வீட்டுப் பரணில் பதினொரு சுவடிகள் இருந்தன. பெரியவர் பதிப்பித்துக்கொண்டிருந்த நூலுக்கு முழுமையான பிரதி என்று இருந்தது அவற்றில் ஒன்றுதான். ஆறு வருடமாகக் கேட்டும் பண்ணையார் கண்ணில் காட்டவில்லை. பரணில் செல் அரிக்கிறது என்று நாட்குறிப்பில் பெரியவர் புலம்பியிருக்கிறார். இப்போது பண்ணையார் எழுதுகிறார்: சுவடிகள் பதினொன்றும் வண்டியில் வருகின்றன, வழக்கு நாளன்று தங்களுக்கு வெளியூரில் வேலை இருக்கும் என்று நம்புகிறேன்.

வழக்கு நாளின் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். மூன்று வரிகள். கட்சிக்காரர்களுக்கு, வழக்கு வாய்தா, வர வேண்டாம் என்று குமாஸ்தா மூலம் சொல்லியனுப்பியாயிற்று. தலைவலி, கோர்ட்டுக்குப் போகவில்லை. வந்த சுவடியின் முதல் ஏட்டில் இரண்டு பாடபேதங்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஐந்து அத்தியாயங்கள் ஏற்கெனவே அச்சுக்கோத்து முடிந்திருந்தன. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. பண்ணையார் குடும்பம் என் அம்மா வழியில் தூரத்து உறவு. அது காரணமில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பதிப்பு இல்லாவிட்டால் நூலே அழிந்திருக்கும் என்பதும் உண்மை. கட்டைக் கொண்டுபோய் பீரோவின் கீழ்த்தட்டில், மனைவியின் பட்டுச் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். ஆறாம் அத்தியாயத்தை இரண்டு நாளில் எழுதி முடித்தேன். நன்றாகவே வந்தது.

புத்தகம் வெளிவந்து ஐந்தாறு மாதம் கழித்து ஒருவர் காளவாசலில் என் வீடு தேடி வந்தார். முப்பது வயது இருக்கும். கையில் என் புத்தகம். கைநாட்டு வைத்த மூவரில் ஒருவரின் பேரன். அவருடைய அப்பா அதே எட்டு ஏக்கரில் பண்ணையாருக்குக் கூலி வேலை செய்திருக்கிறார், இவர் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தார். வாசலிலேயே நின்றவரை உள்ளே அழைத்து நாற்காலி போட்டேன். அப்படிச் செய்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"எங்க ஊரு வாத்தியாரு வாசிச்சுக் காட்டுனாரு சார். எங்க தாத்தாவுக்காக அந்த மனுசன் அம்புட்டு நேரம் பேசியிருக்காரு. இது தெரியாம இருந்துட்டமே" என்றார். "வாய்தான்னு யாரோ தப்பாச் சொல்லிட்டாங்கன்னு அன்னைக்கு எங்க ஆளுக கோர்ட்டுக்கே போகல. தன்னந்தனியா விட்டுட்டமேன்னு இப்ப நெனச்சா நெஞ்சு அடைக்குது."

நான் உள்பக்கம் திரும்பி மனைவியிடம் காபி போடச் சொன்னேன்.

"பண்ணையாரு மக்கமாரு எடத்த பிளாட்டுப் போட விக்கிறாங்க. நான் கேஸ் போட்டிருக்கேன். ஒனக்கு என்னய்யா ஆதாரம்னு கேக்குறாங்க. வக்கீலு வீட்ல பேப்பரு இருக்கு, வக்கீலு வீட்ல பேப்பரு இருக்குன்னு எங்க அய்யா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. நீங்க முன்னுரையில எழுதியிருந்த அந்தப் பெட்டியில எதுவும் இருந்துச்சா சார்?"

"இல்லை" என்றேன். "அப்படி எதுவும் இல்லை."

"சும்மா ஒருக்கா கேட்டுப் பாப்பமேன்னுதான்" என்று சிரித்துவிட்டு, காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "வாரேன் சார்" என்று போய்விட்டார். அந்த வழக்கில் அவர் தோற்றார். நிலம் அவர்களுடையதாக இருந்ததற்கு ஒரு துண்டுக் காகிதமும் காட்டப்படவில்லை என்று தீர்ப்பில் எழுதியிருந்தார்களாம்.

அதோடு விட்டிருந்தால் நான் மறந்திருப்பேனோ என்னவோ. அவர் விடவில்லை. பெரியவரின் படத்தை ஸ்டுடியோவில் பெரிதாக்கி வீட்டில் மாட்டினார். வருடந்தோறும் வண்டியூரில் ஒரு மண்டபத்தில் பெரியவருக்கு நினைவு விழா நடக்கும். நான் தலைமை. பிற்பாடு வாங்கிய சின்னத் தோட்டத்துச் சம்பங்கியில் கட்டிய ஆளுயர மாலையை வாழையிலையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார். "சாரும் ஒரு பக்கம் பிடிங்க" என்பார். நான் பிடிப்பேன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறேன். உடம்பு சரியில்லை என்று ஒரு வருடம் போகாமல் இருந்தேன். மாலை போட்ட கையோடு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

இப்போது அவர் மகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வக்கீல். போன மாதம் அப்பாவும் மகளுமாக வந்தார்கள். பெரியவர் காலத்துப் பழைய தீர்ப்புக்கு நகல் மனுப் போட்டு வாங்கியிருந்தாள்.

"சார், நீங்க சாயங்காலம் வரைக்கும் வாதாடினார்னு எழுதியிருக்கீங்க. தீர்ப்பே ஒன்றரைப் பக்கம்தான். பிரதிவாதிகளும் வரல, அவங்க வக்கீலும் வரல, எக்ஸ்பார்ட்டின்னு இருக்கு."

"ஏத்தா, சாரையே குறுக்கு விசாரணை பண்றியா?" என்று அப்பா சிரித்தார். "வெள்ளக்காரன் எழுதி வச்சதப் போயி நம்புற பாரு. சாரு எழுதுனதுதான் நெசம்."

"எதைப் பார்த்து எழுதினாருன்னுதாம்ப்பா கேக்குறேன்."

"தேடிப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். எழுபத்தொன்பது வயதில் மீண்டும் அதே நாற்காலிக்கு எதிரே அதே பொய். அவர்கள் படியிறங்கும்போது, "சாருக்கு வயசாயிருச்சு, இம்புட்டு நோண்டாத" என்று அவர் மகளைக் கண்டிப்பது மாடி வரை கேட்டது.

மறுநாள் காலை கட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வாடிப்பட்டி பஸ் ஏறினேன். அவர்கள் வீட்டில் பெரியவரின் படத்துக்குக் கீழேதான் எனக்கு நாற்காலி போட்டார்கள். ஒவ்வொரு காகிதமாக மகளிடம் கொடுத்தேன். அவள் சத்தமாக வாசித்தாள். தர்க்காஸ்து உத்தரவில் தாத்தா பெயரைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பண்ணையார் கடிதத்தை வாசிக்கும்போது அவள் குரல் இறங்கியது. நாட்குறிப்பின் மூன்று வரிகளையும் நானே சொன்னேன்.

அவர் மகளிடமிருந்து காகிதங்களை வாங்கி அடுக்கிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார். "இது ஒங்களுக்கு எப்ப கெடச்சுச்சு சார்?"

"புத்தகம் எழுதும்போதே."

"அப்ப நான் மொத மொத வந்தன்னைக்கு?"

"பீரோவில் இருந்தது."

"என் நாற்காலிக்குப் பின்னாடி இருந்துச்சே, பச்சக் கலர் பீரோ. அதுலயா?"

"அதில்தான்."

அவர் தலையைத் தலையை ஆட்டினார். நான் மகளைப் பார்த்தேன். இந்தக் காகிதம் அன்றைக்கு இருந்திருந்தால் அப்பா போட்ட வழக்கு ஜெயித்திருக்குமா என்று கேட்டேன். ஆமாம் என்றோ இல்லை என்றோ அவள் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது.

"தெரியாது சார்" என்றாள். "பழைய தீர்ப்பு எக்ஸ்பார்ட்டின்னாலும் தீர்ப்பு தீர்ப்புதான். தோத்தும் இருக்கலாம். ஆனா ஜட்ஜ் இதைக் கையில வாங்கிப் பாத்திருப்பார்."

"கேஸு கெடக்கட்டும்" என்றார் அவர். "தாத்தாதான் அந்த வக்கீல விட்டுட்டாருன்னு இம்புட்டு வருசமா நான் வெக்கப்பட்டுக்கிட்டுக் கெடந்தேன் சார். அதையாச்சும் நீங்க சொல்லியிருக்கலாம்."

கட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பஸ் நிறுத்தம் வரை மகள்தான் ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நினைவு விழா. முன்வரிசையில் அவர் வழக்கமாக உட்காரும் இடம் காலியாக இருந்தது. மகள் மட்டும் கடைசி வரிசையில் இருந்தாள். கடையில் வாங்கிய ரோஜா மாலை ஒன்று படத்தில் கிடந்தது. நான் மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். சுவடிகள், வாய்தா, பீரோ, எதையும் விடவில்லை. நான் முடித்ததும் விழாக் குழுச் செயலாளர் எழுந்து, ஐயா இந்த வயதிலும் தன்னையே குறை சொல்லிக்கொள்ளும் பெருந்தன்மை வாய்ந்தவர் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் ஓடிவந்து என் கையைப் பிடித்து இறக்கி, "பாத்துண்ணே, படி இருக்கு" என்றார். தலைவருக்கென்று வாங்கியிருந்த மாலையை என் கழுத்தில் போட்டு ஆட்டோ ஏற்றிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து வாடிப்பட்டிக்குப் போன் செய்தேன். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தார்.

"சொல்லிட்டீங்களாமே. மக சொல்லுச்சு."

"சொன்னேன். யாரும் நம்பவில்லை."

பின்னால் மோட்டார் ஓடும் ஒலி கேட்டது. தோட்டத்தில் இருந்தார் போல.

"வாயால சொன்னா யாரு சார் நம்புவா" என்றார். "எழுதிக் குடுங்க. அதத்தான நானும் நம்புனேன்."

எழுதிவிட்டேன். அடுத்த பதிப்பில் ஆறாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடும்படி பதிப்பகத்தாருக்கு அனுப்புகிறேன். ஒரு பிரதி வாடிப்பட்டிக்கும் போகிறது.