ஃபேன் பார்க்கப் போன இடத்தில் கிடைத்த பதில்

ஒரத்தநாட்டுப் பக்கம் எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் காயில் கட்ட வேண்டும் என்றால் ஜனங்கள் என் கடையைத்தான் காட்டுவார்கள். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் ஆற்றுத் தண்ணீரை நம்ப முடியாமல் எல்லோரும் போர்வெல் போட்டுக் கோடை நெல் நட்ட அந்த வருஷங்களில், படித்தவர்கள் கைவிட்ட மோட்டாரையும் ஓட வைத்தவன். மாடி வீடு கட்டினேன். மூத்தவனைச் சிங்கப்பூர் அனுப்பினேன். எல்லாம் இந்த இரண்டு கையால்.

அதே கையால்தான் தினமும் குடித்தேன். யாராவது கேட்டால் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. "தவக்காலம் நாப்பது நாளும் ஒரு சொட்டு தொட மாட்டேன். குடிகாரனால அது முடியுமா?" தவக்காலம் முடிந்து உயிர்ப்பு ஞாயிறு விடிந்ததும் பிராந்திக் கடையில் முதல் ஆளாக நிற்பது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஒரு வருஷம், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் காலையில் பூசை கண்டேன். மதியத்துக்குள் கை நடுங்க ஆரம்பித்தது. காயில் கட்டுகிறவனுக்குக் கைதான் எல்லாம். ஒரு மடக்கு குடித்தால் நிற்கும் என்று போனேன். திரும்பி வந்தபோது என் மனைவி ஆரோக்கியமேரி வாசலில் நின்றாள்.

"நெத்தியில சாமியாரு பூசுன சாம்பல் இன்னும் அழியல. அதுக்குள்ளயா?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் குடிகாரன் இல்லை என்பதற்கு அந்த நாற்பது நாள்தான் என் ஒரே அத்தாட்சி. அது போய்விட்டது. அந்த வாரமே ஒரு விவசாயிக்கு நான் கட்டிக் கொடுத்த மோட்டார் சுவிட்ச் போட்டவுடன் புகைந்தது. பயிர் காய்ந்துகொண்டிருந்தது. அந்த விவசாயி என்னைத் திட்டவில்லை. மோட்டாரை வண்டியில் ஏற்றி, என் கடையைத் தாண்டி, பட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோனார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயிலில் போய் முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, இந்த நாற்பது நாளை மட்டும் கொடும். பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன்." ஆண்டவரிடமும் பேரம்தான் பேசினேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அதைப் பார்த்தேன். கோயிலுக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தரும் அறைக்குள் ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். தொப்பி போட்ட ஒரு பாய். பட்டையாக விபூதி பூசிய ஒருவர். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வேறு. சிலுவை மாட்டிய அறையில் இவர்களுக்கு என்ன வேலை? சீட்டுக் கம்பெனியா? துபாய்க்கு ஆள் எடுக்கிறார்களா? கட்சிக் கூட்டம் என்றால் கொடி எங்கே? எனக்குத் தெரியாமல் இந்த ஊரில் ஒரு கூட்டமா? கோயிலைத் திறந்து பூட்டும் கோயில்பிள்ளையைக் கேட்டேன்.

"சாமியாரு சாவி குடுக்கச் சொன்னாரு, குடுத்தேன். மத்தது என்னைக் கேக்காதீங்க."

அந்த வாரம் முழுக்க எனக்கு அதே யோசனை. அடுத்த ஞாயிறு, வாயில் வாடையோடுதான், கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தேன். "ஃபேன் சத்தம் போடுதே, என்னன்னு பாக்கட்டுமா?"

"ஃபேன் நல்லாத்தான் ஓடுது. நீங்க உக்காருங்கண்ணே," என்றார் பாய்.

விபூதிக்காரர் எழுந்து, "நான் ஒரு குடிகாரன். இன்னிக்குக் குடிக்கல," என்றார். பத்துப் பேர் முன்னால் ஒரு மனுஷன் தன் வாயால் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. என் முறை வந்தது. கடை, மாடி வீடு, சிங்கப்பூர் என்று ஆரம்பித்தேன்.

"பேரு மட்டும் போதும்ணே," என்றார் பாய்.

"அந்தோணிசாமி. ஆனா நான் உங்க மாதிரி இல்ல. வருஷா வருஷம் நாப்பது நாள் தொட மாட்டேன்."

அறையே சிரித்தது. "எனக்கு நோன்புல முப்பது நாள்," என்றார் பாய். "பெருநாள் தொழுகை எப்ப முடியும்னு நிப்பேன்."

"ஐயப்பனுக்கு மாலை போட்டா எனக்கு நாப்பத்தெட்டு," என்றார் விபூதிக்காரர். "உங்களைவிட எட்டு நாள் கூட."

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"மாலையைக் கழட்டுற எடத்துலேருந்து கடை எத்தனை அடின்னு எனக்குத் தெரியும்ணே."

நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. இந்த வருஷம் ஒரு பொழுதுகூட என்னால் தாங்க முடியவில்லை என்று முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

"நாப்பதை விடுங்க," என்றார் பாய். "இன்னிக்குத் தூங்கப் போற வரைக்கும் பாருங்க. காலையில ஆஸ்பத்திரிக்குப் போவோம். அந்தக் கை நடுக்கத்தை டாக்டர்கிட்ட காட்டணும். நான் கூட வர்றேன்."

நான் நாற்பது கேட்டேன். ஆண்டவர் ஒன்று கொடுத்தார். மறுநாள் இன்னொன்று. நடுவில் ஒரு தடவை வழுக்கினேன். அப்போதும் அந்த அறையில் எனக்கு நாற்காலி இருந்தது.

உயிர்ப்பு ஞாயிறு வந்தது. விடியற்காலையில் கதவு தட்டும் சத்தம். ஆரோக்கியமேரி திறந்தாள். பாயும் விபூதிக்காரரும் சைக்கிளோடு நின்றார்கள்.

"நீங்க மாலை கழட்டுற நாள் இன்னிக்குத்தானே? டீ குடிக்க வந்தோம்," என்றார் விபூதிக்காரர்.

பிராந்திக் கடை திறந்து, பகல் ஏறும்வரை எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மூன்று தடவை டீ போட்டாள். அதற்குப் பிறகு பெருநாள் என்றால் நான் பாய் வீட்டில் இருப்பேன். விபூதிக்காரர் மலையிலிருந்து திரும்பும் நாளில் நாங்கள் இருவரும் பஸ் ஸ்டாண்டில் நிற்போம். இத்தனை வருஷமும் அப்படித்தான் ஓடியது. பட்டுக்கோட்டைக்குப் போன அந்த விவசாயியின் மோட்டாருக்கு அடுத்த கோடையில் நான்தான் காயில் கட்டினேன். அது இன்றும் ஓடுகிறது; போய்ப் பாருங்கள். இந்தக் கையைத் திருப்பிக் கொடுத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப்போல நாள் கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் இருப்பீர்கள். அந்த அறை ஞாயிறு சாயங்காலம் திறந்திருக்கும். எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கூச்சமாக இருந்தால் ஃபேன் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள். உட்காரச் சொல்ல நான் இருக்கிறேன்.