என்னைக் காட்டிக்குடுத்த ரிப்போர்ட்

எனக்கு எழுபத்தொம்பது வயசு. பெத்து வளர்த்தது அஞ்சு, பெறாம வளர்த்தது ரெண்டு, ஆக ஏழு பேர். ஏழு பேருக்கும் சோறு போட்டது திருத்தணி மலையடிவாரத்துல எங்க வீட்டுக்குப் பின்னால இருக்கற ஆறு ரூமும் ஒரு சமையல் கொட்டாயும்தான். அந்த ஆறு ரூமை நான் விட்டுக்குடுக்காத கதை இது.

எங்ககிட்ட வந்து தங்கறவங்க தனி ஆளா வர்றவங்க இல்ல. நகரி, புத்தூர் பக்கத்துலேர்ந்து குடும்பமா வருவாங்க, பிள்ளைக்கு மொட்டை போட, காவடி எடுக்க. முடி எறக்கி, சாமி பார்த்துட்டு எறங்கி வந்து, அவங்க கையாலயே பொங்கிச் சாப்பிட்டாத்தான் வேண்டுதல் முடிஞ்ச மாதிரி அவங்களுக்கு. லாட்ஜில அடுப்பு மூட்ட விடமாட்டாங்க. நான் விடுவேன். விறகு, அண்டா, கரண்டி எல்லாம் கொட்டாயில இருக்கும். தொண்ணூறுகள்ல பஸ் ஸ்டாண்டுல எறங்கி யாரைக் கேட்டாலும் எங்க வீட்டுக்குத்தான் வழி காட்டுவாங்க. அப்புறம் ரோட்டோரம் வரிசையா லாட்ஜ் வந்துச்சு. சனங்களும் சொந்தமா வேன் பிடிச்சு வர ஆரம்பிச்சாங்க. வேன்ல வர்றவன் பஸ் ஸ்டாண்டுல எறங்கி யாரையும் கேக்கமாட்டான்.

ரெண்டாயிரத்து ஏழோ எட்டோ, ஒரு தை மாசம். வேன் நிறுத்தற இடம் நடத்தற ஒருத்தர் எங்க இடத்தைக் கேட்டார். ரூமை எல்லாம் இடிச்சு மைதானமாக்கணும்னார். என் பெரிய மகனுக்கு அதுல விருப்பம். அரக்கோணத்துல வேலை அவனுக்கு, ஞாயித்துக்கிழமை வருவான்.

“யாரும்மா வர்றாங்க இப்போ? குடுத்துட்டு நிம்மதியா உக்காரு.”

“நிம்மதி வேணும்னு நான் உன்கிட்ட வந்து கேட்டனா?”

“ஆடிக் கிருத்திகைக்கு நெரம்புதேன்னு சொல்லாதே. ஆடியில இந்த ஊர்ல மாட்டுக்கொட்டாய் கூட நெரம்பும். புரட்டாசி கிருத்திகைக்கு ஆறு ரூமும் நெரம்பட்டும், நான் வாயைத் திறக்கமாட்டேன்.”

புரட்டாசியில சனம் மொத்தமும் திருப்பதிப் பக்கம் திரும்பிக்கும். எங்க ஊர் காத்தாடும். அது தெரிஞ்சுதான் சொன்னான். பட்டா என் பேர்ல இருக்கு, முடியாதுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கலாம். ஆனா என் மகன் என்னைப் பார்த்து சவால் விட்டுட்டு சும்மா போறதா? “சரி. புரட்டாசி கிருத்திகை அன்னிக்கு ஒரு ரூம் காலியா இருந்தாலும் நானே கையெழுத்துப் போடறேன்”னுட்டேன். பள்ளிக்கூடத்துல நான் ரெண்டாங்கிளாஸ். கையெழுத்து மட்டும் நல்லாவே போடுவேன்.

என் சின்ன மருமக நகரிக்காரி, தெலுங்கு வீட்டுப் பொண்ணு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர்ல வேலை பார்த்துகினு இருந்தா. அவதான் சொன்னா. “அத்தம்மா, இப்பல்லாம் கெளம்பறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல தேடிப் பார்த்துட்டுத்தான் வர்றாங்க. நாம அதுல இல்ல.” மாசியில அவளே எங்க வீட்டுக்கு ஒரு வெப்சைட் பண்ணா. மலை படம், ரூம் படம், போன் நம்பர். பக்கத்துக்கு அடியில கரண்ட் மீட்டர் மாதிரி ஒரு கவுண்ட்டர், யாராவது திறந்தா ஒண்ணு ஏறும்.

இங்கதான் நான் ஒரு வேலை பண்ணேன். கடை வச்சவங்களுக்குத் தெரியும், காலையில முதல் போணி கைராசிக்காரங்க கையால ஆகணும். வெப்சைட்டும் கடைதானே? ஆர்.கே.பேட்டையில என் சம்பந்தி, பெரிய மகனோட மாமனார், விசைத்தறி வச்சிருக்கார். ஆபீஸ்ல கம்ப்யூட்டர் உண்டு. அவர் கை தொட்டா எதுவும் வெளங்கும்னு பேர். தெனம் காலையில தறி ஓட்டறதுக்கு முன்னாடி எங்க பக்கத்தைத் திறந்து போணி பண்ணுங்கன்னு சொன்னேன். சந்தோஷமா ஒத்துக்கிட்டார். பங்குனியில அம்மையார்குப்பத்துல ஒரு கல்யாணம். பந்தியில பக்கத்துல உக்காந்தவங்க அத்தனை பேர்கிட்டயும் சொன்னேன். மெட்ராஸ்ல இருக்கற தங்கச்சி மகன், பெங்களூர்ல இருக்கற நாத்தனார் பேரன், எல்லாரும் தெனம் ஒரு தரம் திறந்தாங்க. கவுண்ட்டர் ஏறிச்சு. நான் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரிச்சேன்.

‘முயற்சியே பண்ணலைன்னு அப்புறம் சொல்லக் கூடாது’ன்னு, சித்திரையில என் பெரிய மகனே மெட்ராஸ்லேர்ந்து ஒரு ஆளைக் கூட்டியாந்தான். வெப்சைட்டைத் தேடல்ல மேல கொண்டு வர்றது, மாசாமாசம் ரிப்போர்ட் தர்றது, இதுதான் அவங்க கம்பெனிக்கு வேலையாம். மூணு மாசம் சோதனைக்குப் பாருங்கன்னான். ரிப்போர்ட் வந்துச்சு, வழவழன்னு கலர் காகிதத்துல, கல்யாணப் பத்திரிகையே தோத்துடும். கோடு மாசத்துக்கு மாசம் மேல ஏறிச்சு. நான் அதை முறத்துல வச்சுகினு தெருவெல்லாம் காட்டாத குறைதான்.

ஆனியில ஒரு ஞாயித்துக்கிழமை என் மகன் அதே காகிதத்தை என் முன்னால விரிச்சான்.

“இத்தனை பேர் பார்க்கறாங்க. போன் வந்துச்சா?”

“நாலஞ்சு வந்துச்சு.”

“இவ்வளவு பேர் பார்த்தும் யாரும் வரலைன்னா இன்னா அர்த்தம்? இடம் பிடிக்கலைன்னு அர்த்தம். இனிமே எதுக்குப் புரட்டாசி வரைக்கும் காத்துகினு இருக்கணும்?”

என் வாயை அடைச்ச ஆளுங்க ரொம்பக் கம்மி, அன்னிக்கு ஒரு காகிதம் அடைச்சுது.

மறுநாள் மருமககிட்ட கேட்டேன். “ஏம்மா, பார்த்துட்டுப் பிடிக்காம போறாங்களா, இல்ல பார்க்கவே இல்லையா? இந்தக் காகிதம் சொல்லுதா?”

“சொல்லாது அத்தம்மா. எத்தனைன்னுதான் சொல்லுது. யாரு, எதுக்குன்னு சொல்லல.”

“சொல்றது வேற ஏதாவது இருக்கா?”

“இருக்கு”ன்னு சொன்னா. கம்ப்யூட்டர்ல தேடித் தர்ற கம்பெனியே சும்மா தர்றது ஒண்ணு. ஒரு துண்டு எழுத்தை நம்ம பக்கத்துக்குள்ள ஒட்டி வச்சுட்டா போதும். வந்தவங்க தேடி வந்தாங்களா நேரா வந்தாங்களா, இன்னா வார்த்தை அடிச்சாங்க, எவ்வளவு நேரம் இருந்தாங்க, எந்தப் பக்கத்தோட போய்ட்டாங்க, எல்லாம் வரும். ஆனா நேத்து நடந்தது இன்னிக்குத்தான் தெரியும். கலர் காகிதம் வராது, நாமளே உக்காந்து பார்க்கணும். ஒட்டச் சொன்னேன்.

ஒரு வாரம் கழிச்சு பிரவுசிங் சென்டருக்கு என்னைக் கூப்பிட்டா. அவ முகம் சரியில்ல.

“அத்தம்மா, கோவிச்சுக்காதீங்க. வர்றதுல முக்காவாசிக்கு மேல யாரும் தேடி வரல. நேரா வர்றாங்க. எல்லாம் காலையில ஆறு, ஏழு மணி. வந்த உடனே போயிடறாங்க. மறுநாள் திரும்ப அவங்களேதான் வர்றாங்க.”

கேக்கக் கேக்க எனக்குக் காது சுட்டுது. ஆறு மணி தறி. ஏழு மணி பெங்களூர்.

“போணி”ன்னேன்.

“இன்னாங்க அத்தம்மா?”

“நம்ம சம்பந்தி. உன் சின்ன மாமியார் மகன். எல்லாம் நான் சொல்லித்தான் பண்றாங்க.”

அவ வாயைப் பொத்திகினா. சிரிப்பு தாங்கல அவளுக்கு. “இவங்களை எல்லாம் கழிச்சா?”னு கேட்டேன். கழிச்சுக் காட்டினா. தேடி வந்தது விரல் விட்டு எண்ணற அளவுதான். அவமானமாத்தான் இருந்துச்சு. ஆனா அடுத்த நிமிஷமே ஒண்ணு புரிஞ்சுது. எங்க இடத்தை யாரும் பார்த்துட்டு வேணாம்னு போகல. பார்க்கவே இல்ல. என் மகன் சொன்ன அர்த்தம் அடியோட தப்பு. அதைச் சொல்லணும்னா நான் பண்ணதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

அவசரப்படல. அரிசி வாங்கறப்ப மேல இருக்கறதைப் பார்க்கமாட்டேன், மூட்டை அடி வரைக்கும் கையை விட்டு அள்ளிப் பார்ப்பேன். அதே மாதிரி இதையும் பார்த்தேன். பெங்களூர் பேரனுக்குப் போன் போட்டு, “இன்னிக்கு நேரா திறக்காதே, திருத்தணியில சமைச்சுத் தங்க எடம்னு தேடி, அப்புறம் எங்க பக்கத்தைக் கண்டுபிடிச்சு உள்ள வா. எவ்வளவு பக்கம் தள்ளி இருந்தாலும் தேடு”ன்னேன். மறுநாள் மருமக பார்த்தா. பெங்களூர், அவன் அடிச்ச அதே வார்த்தை, ஒண்ணு. சரியா வந்திருந்துச்சு. நமக்குத் தெரிஞ்ச ஒண்ணைக் கேட்டு, அது நிஜத்தைச் சொல்லுதான்னு பார்த்துட்டுத்தான் தெரியாததைக் கேக்கணும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை மகனையும் மெட்ராஸ் ஆளையும் ஒண்ணா வரச் சொன்னேன். மூணு மாசம் முடிஞ்சதால மெட்ராஸ் ஆள் கையெழுத்து வாங்கற காகிதத்தோட வந்தான்.

“பாட்டிம்மா, ஒரு சந்தோஷமான விஷயம். தேடல்ல நீங்கதான் முதல் இடம்.”

“நான் உனக்குப் பாட்டி இல்ல. இந்த இடத்துக்குச் சொந்தக்காரி. எதைத் தேடினா முதல் இடம்?”

அவன் காகிதத்தைத் திருப்பினான். எங்க வீட்டுப் பேரை, ஊர் பேரோட சேர்த்து அடிச்சா முதல் இடமாம்.

“என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நான் வராம பக்கத்து வீட்டுக்காரியா வருவா? என்னைத் தெரியாதவன் தேடினா எங்க இருக்கேன், அதைச் சொல்லு.”

“அதுக்கு வேற பேக்கேஜ்ங்க.”

“வந்தவங்க இன்னா வார்த்தை தேடி வந்தாங்க, அதாவது இருக்கா?”

“மொத்த எண்ணிக்கை நல்லா ஏறுதேங்க. அதுதானே முக்கியம்.”

என் மகன் நடுவுல வந்தான். “ஆங், ஏறுது. ஏறியும் யாரும் வரலையே, அதைத்தான் நானும் சொல்றேன்.”

அப்பதான் சொன்னேன். “ஏத்தினது நான். தெனம் திறந்தது உன் மாமனாரு. அப்புறம் உன் சித்தி மகன். அம்மையார்குப்பத்துக் கல்யாணத்துல என்கூட சாப்பிட்டவங்க. நான்தான் கைராசிக்குத் திறக்கச் சொன்னேன். நான் பண்ணது முட்டாள்தனம். ஆனா மூணு மாசமா இந்தக் கலர் காகிதம் அதைக் கண்டுபிடிக்கல, உன் மாமனாரை வாடிக்கைக்காரர்னு கணக்குல வச்சு எனக்கு மாலை போட்டுச்சு. உன் தம்பி பொண்டாட்டி ஒட்டி வச்சது ஒரே வாரத்துல என்னைக் காட்டிக்குடுத்துச்சு. எனக்கு அதுதான் வேணும்.”

மகன் என்னையே பார்த்தான். “எங்க மாமனாரா?”

“ஆறு மணிக்கு.”

சிரிக்கக் கூடாதுன்னு உதட்டைக் கடிச்சான், முடியல. மெட்ராஸ் ஆள் மட்டும் விடல. “சும்மா கெடைக்கறதுல சப்போர்ட் இருக்காதுங்க. யாரு உங்களுக்கு விளக்கிச் சொல்வாங்க?”

“சும்மா கெடைக்குதேன்னு எடுக்கலப்பா. காசு கேட்டாலும் அதைத்தான் எடுப்பேன். விளக்கறதுக்கு என் மருமக இருக்கா. மோர் குடிச்சுட்டுப் போ.”

மகன் சிரிச்சதுக்காகத் தோத்துட்டதா நினைக்காதீங்க. போறப்போ, “புரட்டாசி வாக்கு வாக்குதான்மா”ன்னு சொல்லிட்டுத்தான் போனான். “நான் எப்ப மறந்தேன்?”னேன்.

அதுக்கப்புறம் வாரத்துக்கு ஒரு நாள் மருமக தேடி வந்தவங்களை மட்டும் பிரிச்சு, அவங்க அடிச்ச வார்த்தைங்களை ஒரே ஒரு காகிதத்துல எழுதிக் கொண்டாருவா. நான் ஒவ்வொண்ணா படிக்கச் சொல்லிக் கேப்பேன். மொட்டை, காவடி, அதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான். ஆடி முடியறப்ப ஒரு வார்த்தை வந்துச்சு. திருப்பதி பாதயாத்திரை, வழியில சமைக்க எடம். அடுத்த வாரம் அதே மாதிரி ரெண்டு. அதுக்கடுத்த வாரம் இன்னும் கூட. வந்தவங்க எல்லாரும் ரூம் படத்தைப் பார்த்துட்டு, சமையலைப் பத்தி ஒண்ணும் இல்லாததால போயிட்டாங்க. அடுப்பு மூட்டலாம்னு நாங்க எங்கயும் எழுதவே இல்ல. ஊருக்கே தெரிஞ்ச விஷயத்தை எதுக்கு எழுதணும்னு விட்டுட்டோம்.

இந்தப் பாதயாத்திரைக்காரங்களை நான் பார்க்காதவ இல்ல. புரட்டாசி ஆனா மஞ்சத் துணி கட்டிகினு கனகம்மாசத்திரம் வழியா கூட்டம் கூட்டமா எங்க ஊரைத் தாண்டிப் போவாங்க. நாப்பது வருஷமா பார்க்கறேன். அவங்க பெருமாள் ஆளுங்க, முருகன் அடிவாரத்துல எதுக்குத் தங்கப் போறாங்கன்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. நடந்து கால் வெடிச்சவனுக்கு எந்த சாமி அடிவாரமா இருந்தா இன்னா? அவனுக்கு வேண்டியது வெந்நீர், அடுப்பு, கால் நீட்ட எடம்.

கொட்டாயைக் கழுவிவிட்டு அடுப்பையும் அண்டாவையும் படம் எடுத்துப் போட்டோம். சமைக்கலாம், வெந்நீர் உண்டு, நடந்து வர்றவங்க தங்கலாம்னு தமிழ்லயும் தெலுங்குலயும் இங்கிலீஷ்லயும் மருமக எழுதினா. போன் அடிக்க ஆரம்பிச்சுது.

புரட்டாசி கிருத்திகை அன்னிக்கு மத்தியானம் மகன் அரக்கோணத்துலேர்ந்து வந்தான். அஞ்சு ரூம்ல பாதயாத்திரைக்காரங்க. ஆறாவதுல புத்தூர்க்காரங்க, பிள்ளைக்கு மொட்டை. கொட்டாயில மூணு அடுப்பு எரிஞ்சுது. அவன் ஒவ்வொரு கதவா எட்டிப் பார்த்துகினே போனான். மஞ்சத் துணி கட்டின ஒருத்தர், “ரூம் தேடறீங்களா? எடம் இல்லீங்க, வேற எங்கயாவது பாருங்க”ன்னார். என் மகன் வந்து என் பக்கத்துல உக்காந்தான்.

“பெருமாள் ஆளுங்களை வச்சு ஜெயிச்சிருக்கே.”

“ஆள் ஆள்தான். எந்த ஆளுன்னு நீ சொல்லலையே.”

வேன்காரர் குடுத்த பத்திரம் கையெழுத்து இல்லாமலே அவருக்குத் திரும்பிப் போச்சு. ஐப்பசியில மறுபடி ரெண்டு ரூம் காலியாத்தான் கெடந்துச்சு, அதையும் சொல்லிடறேன். அந்த ஒரு காகிதம் மட்டும் வாரா வாரம் என் முன்னால வந்துச்சு. சம்பந்தியை நிறுத்தச் சொன்னேன். கைராசியை நிறுத்தினா உங்களுக்குத்தான் ஆகாதுன்னு மாட்டேன்னுட்டார். அவர் திறக்கட்டும், நாங்க எண்ணல, அவ்வளவுதான்.

இதை நான் சொல்லச் சொல்ல எழுதறவ பெரிய மகனோட பொண்ணு. நடுவுல ரெண்டு தரம் பேனாவை நிறுத்திட்டா. “எங்கப்பா பேசினதை அப்படியே போடணுமா ஆயா? நீங்க முட்டாள்தனம்னு சொன்னது வேற இருக்கு, அதை வேணா எடுத்துடட்டுமா?”ங்கறா.

ஒண்ணையும் எடுக்காதேடி. அவன் பேசினதும் இருக்கட்டும், நான் பண்ணதும் இருக்கட்டும். எங்க, முதல்லேர்ந்து படி. நீ எதையாவது நல்லா தெரியணும்னு மாத்தி எழுதியிருக்கியான்னு கேக்கறேன்.