மாசி வரைக்கும்

எங்கள் பக்கத்தில் மல்லி என்றால் பூ அல்ல, கொத்தமல்லி. ஐப்பசி மழைக்குக் கரிசலில் விதைத்தால் மாசியில் காய் முற்றி வீடு வந்துவிடும். பரளச்சிக்குப் போகும் சாலையை ஒட்டிய எங்கள் நாலு ஏக்கர் புஞ்சையில் அதை விதைத்தவள் அத்தை, அப்பாவின் அக்கா. மாமா இறந்தபின் எங்களோடு இருந்தாள். பத்திரத்தில் அப்பா, அத்தை இரண்டு பேர் பெயரும் இருந்தது. வெயில் மட்டும் அவள் ஒருத்தி தலையில்தான்.

நான் நாலாம் வகுப்பில் இருந்த வருஷம், சுற்றியிருந்த புஞ்சைக் காடுகள் ஒவ்வொன்றாக மனைகளாயின. சாலையோரம் வளைவு எழுப்பி ஏதோ ஒரு ‘நகர்’ என்று எழுதி, கலர் கொடி கட்டினார்கள். எனக்கு அந்தக் கொடிகள் மேல் கொள்ளை ஆசை. அப்பாவுக்கு மல்லாங்கிணறு ஊரில் கடை வைக்க ஆசை. மழை ஏமாற்றி ஏமாற்றி அவருக்கு விவசாயமே வெறுத்துப் போயிருந்தது.

“ஊரே வித்துருச்சுக்கா. நாம மட்டும் நடுவுல கெடந்து என்ன செய்யப் போறோம்?”

“மாசி வரைக்கும் பொறு தம்பி. வெதச்சது வீட்டுக்கு வந்துரட்டும், கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

மாசி வந்திருந்தால் அடுத்த ஐப்பசி வரை கேட்டிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் கையெழுத்துக்கு முன்பே, அப்பா கொடுத்த வாக்கை நம்பி, மனைக்காரர்கள் பயிருக்குள் மனை பிரிக்கும் கல் ஊன்றிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு களை எடுக்கப் போயிருந்தேன். முந்தின நாள் மழையில் மண் இளகிக் கிடந்தது. அத்தை ஒவ்வொரு கல்லாக ஆட்டிப் பிடுங்கி, இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பாழுங்கிணற்றில் போட்டாள். தண்ணீர் இல்லாத கிணறு. கல் விழும் சத்தம் நெடுநேரம் கழித்துக் கேட்டது. எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. யாரிடமும் சொல்லாதே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டு நாள் கழித்து மனைக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்ட, சிரித்த முகமான மனிதர்.

“ஆடு மேய்க்கிறவுக யாராச்சும் புடுங்கியிருப்பாக” என்றாள் அத்தை.

பொய் சொல்லாத பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் பெயர் வாங்கியிருந்தேன். “இல்ல, அத்தைதான் கெணத்துல போட்டாக. நான் பாத்தேன்” என்றேன்.

அப்பா தரையைப் பார்த்தார். மனைக்காரர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, “பெரியவுக இப்படிச் செய்யலாமா?” என்று மெதுவாகக் கேட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் அத்தையும் சத்தம் போட்டிருப்பாள். அவளோ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பிள்ளை சொல்றது நெசந்தான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த வாரமே திருச்சுழி பத்திர ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

மார்கழியில், மல்லி பூவெடுக்கப் போகிற சமயத்தில், ஜேசிபி வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளெல்லாம் அதன் பின்னால் ஓடினோம். நசுங்கிய மல்லியின் வாசம் ஊரையே தூக்கியது. பஸ்ஸில் போனவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அதுவரை எங்கள் காடு அப்படி மணந்ததே இல்லை. பாவாடை கொள்ளுமட்டும் தழையை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

பட்டப்பகலில் அத்தை ஜன்னல்களைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். தழையை அவள் மடியில் கொட்டினேன்.

“துவையல் அரைங்க அத்தை.”

மடியில் விழுந்ததை முந்தானையில் சேர்த்துக் கட்டினாள். பிறகு எழுந்து, மண் போக நாலு தடவை அலசி, புளியும் மிளகாயும் வைத்து அம்மியில் அரைத்தாள். எல்லோருக்கும் பரிமாறினாள். அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிக்கொண்டார். அத்தை மோர் மட்டும் ஊற்றிச் சோற்றைக் கரைத்துக் குடித்தாள்.

“ஒங்களுக்குத் துவையல் வேணாமா?”

“வயிறு சரியில்ல தாயி. நீ சாப்பிடு.”

நான் அதை நம்பினேன். அவள் பங்கையும் என் தட்டில் வழித்துப் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.